மழை வருமாம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு

ஜப்பானிய மொழி படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும், படித்து முடித்து ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளர்களாக வேலை பார்ப்பவர்களுக்கும்,



ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5, என்4 நிலைகளைத் தாண்டி என்3க்குத் தயாராகும் மாணவர்களிடம் எந்தப் பாடம் தலையைச் சுற்ற வைக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: ஸோ தெஸ், யோ தெஸ், மிதாய், ரஷீ. நான்கும் ஒன்று போலத் தெரிகின்றன, எதை எங்கே போடுவது என்று பிடிபடவில்லை என்கிறீர்கள். இந்தக் குழப்பத்தில் பாதிக்கு மேல் ஜப்பானிய மொழியால் வந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து. நாம் ஆங்கில விளக்கத்தின் வழியாக அங்கே போகிறோம், வழியில் மாட்டிக்கொள்கிறோம். கேட்ட செய்தியைக் கேட்ட செய்தி என்றே அடையாளம் காட்டிச் சொல்லும் பழக்கம் ஜப்பானியரிடம் இருக்கிறது. அதே பழக்கம் நமக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. நம் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு, அது இல்லாத மொழியிடம் போய் விளக்கம் கேட்பது ஏன்?

ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலியை வகுப்பில் கேட்டபடி வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வகுப்புகளில் புழங்கும் மின்னா நொ நிஹொங்கோ பாடநூலில் 43ஆம் பாடத்தில் ஒரு ஸோ தெஸ் வருகிறது. நான்கு பாடம் தள்ளி, 47இல் இன்னொரு ஸோ தெஸ் வருகிறது. கென்கி வைத்துப் படித்தவர்களுக்கு அவை 13ஆம் 17ஆம் பாடங்கள். முதலாவது கண்ணால் பார்த்த தோற்றத்தைச் சொல்வது. இரண்டாவது காதால் கேட்ட செய்தியைச் சொல்வது. "அமெ கா ஃபுரிஸோ தெஸ்" என்றால் வானம் கறுத்திருக்கிறது, காற்று திரும்பிவிட்டது, துணியை எடுக்கணும்: மழை வரும் போல இருக்கு. "அமெ கா ஃபுரு ஸோ தெஸ்" என்றால் வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் செய்தியில் சொன்னார்கள்: மழை வருமாம்.

போல, ஆம். இவ்வளவுதான். முதல் ஸோ வினையின் அடியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் ஸோ முடிந்த வாக்கியத்தின் மேல் போய் உட்காருகிறது. இதே வேறுபாடு பெயரடைகளிலும் உண்டு. நண்பர் வீட்டில் இலை போட்டு, பொரியல் கூட்டு எல்லாம் பரிமாறி, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஒயிஷிஸோ தெஸ்" என்றால், பார்த்தாலே நாக்கில் நீர் ஊறுது என்ற பாராட்டு. ஓர் எழுத்தைக் கூட்டி "ஒயிஷீ ஸோ தெஸ்" என்றுவிட்டால், பரிமாறியவர் முகத்துக்கு நேரே "நல்லா இருக்குமாம்" என்று சொன்னதாகிவிடும். தமிழில் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று உங்கள் காதே சொல்லும். இலக்கண அட்டவணை தேவைப்படாது.

ஆங்கிலம் எப்படிக் குழப்புகிறது என்று சொல்ல வேண்டும். சென்னையில் நாம் பேசும் ஆங்கிலத்தில் "ஹி இஸ் கமிங், இட் சீம்ஸ்" என்போம். அது "வர்றானாம்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டது. ஆகவே இட் சீம்ஸ் என்று எங்கே பார்த்தாலும் நம் மனம் ஆம் என்றே படிக்கிறது. பாடநூலிலோ யோ தெஸ் என்பதற்கு நேராக இட் சீம்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. அங்கே அதன் பொருள் வேறு: நானே பார்த்து, நானே யோசித்து வந்த முடிவு. நம் மாணவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் கேட்ட செய்தியை எல்லாம் யோ தெஸ் போட்டுச் சொல்கிறார். ஜப்பானியர், இவர் நேரில் பார்த்து ஊகித்ததாக நினைத்துக்கொள்கிறார். இலக்கணப்படி வாக்கியத்தில் பிழையே இல்லாததால் யாரும் திருத்துவதும் இல்லை. ஆகவே பாடநூலின் ஓரத்தில் ஆங்கிலத்தை அடித்துவிட்டு, 47ஆம் பாடத்து ஸோ தெஸ் பக்கத்தில் ஆம் என்றும், யோ தெஸ் பக்கத்தில் "போலிருக்கு" என்றும் எழுதிவையுங்கள்.

ஆம், ஸோ தெஸ் இரண்டுக்கும் ஒற்றுமை பொருளோடு நிற்பதில்லை, நடத்தையிலும் இருக்கிறது. ஆம் முடிந்த கூற்றின் மேல்தான் ஏறும்: வந்தானாம், வரலையாம், டாக்டராம், நல்லதாம். ஸோ தெஸ்ஸும் அப்படித்தான். மறுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் வாக்கியத்தைத்தான் மறுக்கலாம். "வரமாட்டானாம்" என்கிறோம், அந்த ஆமுக்கு எதிர்மறை கிடையாது. ஜப்பானிய மொழியிலும் "ஃபுரானாய் ஸோ தெஸ்" என்பார்கள். அந்த ஸோவைத் தொட்டு மறுப்பதில்லை. தோற்றத்தைச் சொல்லும் ஸோ அப்படி அல்ல. "ஃபுரிஸோ மொ நாய்", மழை வருகிற மாதிரியே இல்லை, என்று அதை மறுக்கலாம். "ஃபுரிஸோ தத்தா" என்று இறந்தகாலத்துக்கும் கொண்டுபோகலாம். தேர்வில் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே கேள்வி கேட்பார்கள்.

ஓரிடத்தில் தமிழ் நம் காலை வாரும். நமக்குப் பெயர்ச்சொல் தனியாகவே பயனிலையாக நிற்கும். "அவர் டாக்டர்" என்றாலே வாக்கியம் முடிந்தது. அதனால் ஆமையும் நேரே ஒட்டி "டாக்டராம்" என்கிறோம். ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல் வாக்கியமாக வேண்டுமானால் தா வேண்டும். "காக்குசேய் தா ஸோ தெஸ்", மாணவராம். "கென்கி தா ஸோ தெஸ்", நலமா இருக்காராம். தாவை விட்டு "கென்கி ஸோ தெஸ்" என்று சொன்னால், ஆளைப் பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரி தெரியுது என்று பொருள் மாறிவிடும். நம் மாணவர்கள் எழுதித் தரும் தாள்களில் அடிக்கடி காணாமல் போவது இந்தத் தாதான்.

யாராவது ஒருவருக்குத் திருமணம் என்று கேள்விப்பட்டு, அவரையே பார்க்கும்போது எப்படிக் கேட்பீர்கள்? "கல்யாணமாமே!" அதில் செய்தி கேட்டது, மகிழ்ச்சி, உறுதி செய்துகொள்வது மூன்றும் இருக்கின்றன. ஜப்பானியர் சொல்வது "கெக்கொன் ஸுரு ஸோ தெஸ் நெ". கடைசியில் வரும் அந்த நெ, நம் ஆமே என்பதில் இருக்கும் ஏதான். ஆனால் "வருவானாமா?" என்று நாம் கேட்பது போல ஸோ தெஸ்ஸோடு கா சேர்த்துக் கேள்வியாக்கக் கூடாது. அங்கே "குரு த்தெ?" என்றோ, அவர் வருவதாகச் சொன்னாரா என்று விரித்தோ கேட்பார்கள்.

த்தெ என்று சொன்னதும் நம் ன்னு நினைவுக்கு வந்திருக்கும். எழுத்தில் தொ, பேச்சில் த்தெ. எழுத்தில் என்று, பேச்சில் ன்னு. நண்பர்களுக்குள் பேசும்போது ஸோ தெஸ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். "குரு த்தெ", "கெக்கொன் ஸுரு ன் தத்தெ" என்றுதான் காதில் விழும். இந்த ஒற்றுமைகளைப் பார்த்ததும் சிலர் உடனே ஓனோ ஸுஸுமு பெயரை எடுப்பீர்கள். 2008இல் மறைந்த அந்த அறிஞர் ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று நீண்டகாலம் வாதாடினார். வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்கு அந்த வழக்கு இங்கே தேவையும் இல்லை. வினை கடைசியில் நிற்கும் இரண்டு மொழிகள். வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும் சிற்றுருபுகள் இரண்டிலும் இருக்கின்றன. இரத்த உறவு இல்லாமலே நமக்கு இது உதவும்.

இனி மொழிபெயர்ப்பாளர்களுக்கு. ஒரு காலைக் கூட்டம். வரவேண்டிய உதிரிபாகம் இன்னும் வரவில்லை. சப்ளையர் போனில் சொல்கிறார்: "வியாழக்கிழமை வந்துரும் சார்." ஜப்பானிய மேலாளர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் "மொகுயோபி நி த்ஸுகிமாஸ்" என்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த நொடியில் வியாழக்கிழமை என்ற வாக்குறுதி சப்ளையரிடமிருந்து உங்கள் கணக்குக்கு மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வரை பாகம் வராவிட்டால் மேலாளர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார். அதில் தவறும் இல்லை, நீங்கள்தான் வரும் என்றீர்கள்.

"த்ஸுகு ஸோ தெஸ்" என்றால், வந்துவிடுமாம், சொன்னது அவர். "த்ஸுகு தொ நொ கொதொ தெஸ்" என்றால், உங்களிடம் தெரிவிக்கச் சொன்னார், தெரிவித்துவிட்டேன் என்று பொருள். அலுவலகத்துக்குப் பொருத்தமான, கொஞ்சம் சம்பிரதாயமான வடிவம். மின்னஞ்சலில் இதைத்தான் எழுத வேண்டும். முன்னால் யார் சொன்னது என்பதையும் சேர்த்து, இன்னார் "நி யொரு தொ" என்று தொடங்கிவிட்டால் இன்னும் நல்லது. நீங்களே லாரி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கணினியில் பார்த்து, தூரத்தைக் கணக்குப் போட்டு, வியாழக்கிழமை சேரும் என்று முடிவுக்கு வந்திருந்தால் "த்ஸுகு யோ தெஸ்". கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு வந்து சொல்வதானால் "த்ஸுகு ரஷீ தெஸ்". மேலாளர் அதை நம்பி வேலையைத் திட்டமிட மாட்டார், போன் போட்டு உறுதிசெய்துகொள்ளச் சொல்வார்.

ஒரே வியாழக்கிழமை, ஐந்து முடிவுகள். பாகம் என்றைக்கு வரும் என்ற செய்தி எதிலும் மாறவில்லை. அந்தச் செய்திக்கு யார் பொறுப்பு, எவ்வளவு பொறுப்பு என்பது ஒவ்வொன்றிலும் மாறுகிறது. ஜப்பானிய மொழியில் மென்மையாகப் பேசுவதற்காக இவற்றைப் போடுகிறார்கள் என்று நம்மூர்ப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. மென்மை சில இடங்களில் உண்டுதான். ஆனால் அடியில் இருப்பது நேர்மை. எனக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரிந்த வழி இது என்று வாக்கியத்தின் வாலிலேயே அறிவிப்பது.

மொழியியலாளர் காமியோ அகியோ 1990இல் வெளியிட்ட நூலில் இதை நவாபாரி, அதாவது எல்லைக்குட்பட்ட பரப்பு, என்ற சொல்லால் விளக்கினார். ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவருடைய எல்லைக்குள் இருக்கிறது. என் உடம்பு, என் வீட்டார், என் வேலை, நான் நேரில் கண்டது எல்லாம் என் எல்லை. அவற்றை நேராகச் சொல்லலாம். அந்த எல்லைக்கு வெளியே இருப்பதை நேராகச் சொன்னால் அத்துமீறல். அங்கேதான் ஸோ தெஸ், ரஷீ, த்தெ எல்லாம் வேலைக்கு வருகின்றன. மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு "கஸெ நொ யோ தெஸ் நெ" என்பார். சளிக்காய்ச்சல் போலத் தெரிகிறது, நான் பார்த்த வரை. அதே மருத்துவர் "கஸெ ரஷீ தெஸ் நெ" என்றால் நோயாளிக்குத் திக்கென்றிருக்கும். தன் கையால் நாடி பார்த்தவர் எங்கோ கேள்விப்பட்டதைப் போலப் பேசுகிறாரே என்று தோன்றும். அதே நோயாளி அலுவலகத்துக்குப் போய், வராத சக ஊழியரைப் பற்றி "கஸெ ரஷீ தெஸ்" என்று சொல்வதில் எந்த உறுத்தலும் இல்லை.

எல்லை என்பது அடுத்தவர் மனதுக்கும் உண்டு. இங்கே தமிழ் உங்களுக்கு உதவாது. புதிதாகப் பழக வேண்டும். நாம் "அவளுக்குப் பசிக்குது", "அவனுக்கு ஊருக்குப் போகணும்" என்று தயங்காமல் சொல்வோம். ஜப்பானிய மொழியில் கனாஷீ (வருத்தம்), இகிதாய் (போக ஆசை) போன்ற சொற்கள் தன்மைக்கு மட்டுமே உரியவை. அடுத்தவருக்கு அப்படியே போட முடியாது. முகத்தைப் பார்த்துச் சொன்னால் "கனாஷிஸோ தெஸ்". அவர் நடத்தையில் தெரிந்தால் "கனாஷிகத்தெ இமாஸ்". அவரே சொல்லிக் கேட்டிருந்தால் "இகிதாய் ஸோ தெஸ்". மொழியியலாளர் குரோடா ஷிகெயுகி 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு விலக்கைக் காட்டினார். நாவலில் கதைசொல்லி பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து நிற்கும்போது, படர்க்கைக்கும் நேராகவே கனாஷீ என்று எழுதலாம். நடைமுறைப் பேச்சில் யாருக்கும் இல்லாத அனுமதி கதையில் உண்டு. இலக்கணமே ஒரு வாக்கியத்தைக் கதை என்று அடையாளம் காட்டிவிடுகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஆமுக்கு ஒரு குத்தல் உண்டு. "இவரு பெரிய அறிவாளியாம்!" என்று குரலை இழுத்தால் நம்பவில்லை என்று பொருள். ஸோ தெஸ்ஸுக்கு அந்த வேலை கிடையாது. அது கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் வைக்கும். குரலில் குத்தலை ஏற்றி அதைச் சொல்லிப் பழகாதீர்கள்.

கேட்டதைக் கேட்டதாகச் சொல்லும் இந்தப் பழக்கம் ஜப்பானிய எழுத்தில் மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டில் கி நொ த்ஸுராயுகி தொஸா மாநிலத்திலிருந்து கியோத்தோவுக்குத் திரும்பிய பயணத்தை ஒரு பெண் எழுதுவதாக வைத்துத் தொஸா நிக்கி என்ற நாட்குறிப்பாக்கினார். அதன் முதல் வாக்கியத்திலேயே நரி என்ற உருபு இரண்டு முறை வருகிறது. ஆண்கள் எழுதுவதாகக் கேள்விப்படும் நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அது கேட்டதைக் காட்டும் நரி; தானும் எழுதுவதைச் சொல்லும் இடத்தில் உறுதியைக் காட்டும் நரி. முன்னால் வரும் வினையின் வடிவத்தை வைத்தே இரண்டையும் பிரிக்க வேண்டும். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பழைய இலக்கணத்தில் இதைப் படித்துத்தான் தீர வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கொன்ஜாகு மொனொகதாரிஷூ தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் உள்ளன. அவை முடியும்போது, இப்படிச் சொல்லிவந்திருக்கிறார்களாம் என்ற பொருள் தரும் ஒரே வாய்பாட்டில் முடியும். நாட்டார் கதை சொல்பவர்கள் இன்றும் "இத ஸோ நா" என்று தொடங்குவார்கள்: இருந்தாராம். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாளிதழைத் திறந்தால் செய்தியின் கடைசி வரிகளில் தொ இயு என்று முடியும் வாக்கியங்களைப் பார்ப்பீர்கள். நிருபர் தன் கருத்தல்ல, விசாரித்தபோது சொன்னது என்று அங்கே குறிக்கிறார். என்2 படிப்பவர்கள் இதைக் கவனித்து வாசிக்கப் பழகினால், யார் சொன்னது எது என்று பிரித்துக் கேட்கும் கேள்விகளில் தடுமாற மாட்டீர்கள்.

ரஷீயைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று மேலே சொன்ன, கேட்டும் ஊகித்தும் சொல்வது. மற்றது முற்றிலும் வேறு: ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ உரிய இயல்பு முழுமையாக அமைந்திருக்கிறது என்று சொல்வது. முரோமாச்சி காலத்தில் பெயர்ச்சொல்லில் ஒட்டும் பின்னொட்டாகத் தோன்றியது இந்த இரண்டாவது பொருள்தான். வினைக்குப் பின்னால் வந்து ஊகத்தைக் காட்டும் பயன்பாடு பின்னால் பரவியது. பாடநூல்களோ ஊகத்தை முதலில் சொல்லித்தந்துவிட்டு, இயல்பைப் பின்னால் ஒரு குறிப்பாக வைக்கின்றன.

"ஹரு ரஷீ ஹி" என்றால், வசந்தகாலத்து நாள். வசந்தகாலம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே அமைந்த நாள். மார்கழியில் ஒரு நாள் விடிகாலையில் பனி கவிந்து, கோலம் போடுகிறவர்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றால், "மார்கழின்னா இதுதான்" என்போமே, அதுதான் ரஷீ. ஆனால் ஜனவரிக் குளிரில் ஒரு நாள் திடீரென்று வெயில் இதமாக அடித்தால் "ஹரு மிதாய்". வசந்தம் மாதிரி; ஆனால் வசந்தம் இல்லை. ரஷீ உள்ளே இருப்பதைச் சொல்லும், மிதாய் வெளியே இருப்பதைச் சொல்லும்.

நன்றாக ஜப்பானிய மொழி பேசுகிற உங்களைப் பார்த்து "நிஹொன்ஜின் மிதாய் தெஸ் நெ" என்பார்கள். ஜப்பானியர் மாதிரியே பேசுகிறீர்கள். யாரும் "நிஹொன்ஜின் ரஷீ" என்று சொல்லிப் பாராட்ட மாட்டார்கள். நீங்கள் ஜப்பானியர் இல்லை. உங்களைப் பற்றி வேறொருவரிடம் அப்படிச் சொன்னால், அவர் ஜப்பானியராம் என்று கேள்விப்பட்டதாகத்தான் அர்த்தம் கொள்வார்கள்.

குழந்தையைப் பற்றிய மூன்று சொற்களையும் ஒன்றாகப் படியுங்கள். குழந்தை குழந்தையாகவே இருந்தால் "கொதொமொ ரஷீ"; ஓடி ஆடி, கேள்வி கேட்டுத் துளைத்து, அழுது, மறந்து சிரித்தால். அதில் வாஞ்சை உண்டு. வளர்ந்தவர் ஒருவர் குழந்தை மாதிரி துள்ளிக் குதித்தால் "கொதொமொ மிதாய்". வளர்ந்தவரிடம் பொறுப்பில்லாமை தெரிந்தால் "கொதொமொப்பொய்". நாம் சின்னப்பிள்ளைத்தனம் என்பது. ப்பொய் ஒட்டுக்கு நம் தனத்தைப் போலவே ஒரு குறை சொல்லும் சாய்வு உண்டு. எளிதில் மறந்துபோகிறவர் வஸுரெப்பொய், முணுக்கென்று கோபப்படுகிறவர் ஒகொரிப்பொய், தண்ணீராய் நீர்த்துப்போன குழம்பு மிஸுப்பொய். நிறத்தோடு வரும்போது குறை இல்லை: குரொப்பொய் என்றால் கறுப்பு கலந்தது, அவ்வளவுதான்.

"கிமி ரஷிகு நாய்" என்று ஒரு தொடர் அடிக்கடி காதில் விழும். சொல்லுக்குச் சொல் தமிழாக்க முயலாதீர்கள். எப்போதும் நேரத்துக்கு வருகிறவர் தாமதமாக வந்து, சாக்குச் சொல்லும்போது நாம் என்ன கேட்போம்? "இது நீ செய்யற காரியமா?" உன் குணம் எனக்குத் தெரியும், இது அதில் சேராது என்று உரிமையோடு சொல்வது. திட்டு போலக் கேட்டாலும் உள்ளே மதிப்பு இருக்கிறது.

தேர்வுக்காக ஒரு சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். "அனோ ஹிதொ வா காக்குசேய் ரஷீ" என்ற வாக்கியம் இரண்டு பொருளும் தரும்: அவர் மாணவராம், அல்லது அவர் மாணவருக்கு உரிய குணத்தோடு இருக்கிறார். எதிர்மறையாக்கிப் பாருங்கள். மாணவர் இல்லையாம் என்றால் மறுப்பு முன்னால் போகும், "காக்குசேய் தெ வா நாய் ரஷீ". மாணவருக்கு உரிய குணம் இல்லை என்றால் ரஷீயே மாறும், "காக்குசேய் ரஷிகு நாய்". முன்னால் தொதெமொ (மிகவும்) என்ற சொல் பொருந்தினால் அது இயல்பைச் சொல்லும் ரஷீ. கேள்விப்பட்டதை மிகவும் என்று அளக்க முடியாது. ஆமை மறுக்க முடியாது என்று முன்பு பார்த்த அதே விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது.

இந்த இரண்டாவது ரஷீக்கு ஒரு கனமும் உண்டு. நீங்கள் ஜப்பானில் வேலைக்குப் போனால் அதைச் சுமப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ஒருவருக்கு உரிய இயல்பு இது என்று சொல்லும்போதே, அப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஒதொகொ ரஷீ, ஒன்னா ரஷீ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வகுத்த இயல்புகள் நீண்டகாலம் பாராட்டாகவே புழங்கின. இன்று பலர் அவற்றைச் சொல்லத் தயங்குகிறார்கள், சொல்லக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பள்ளி விதிகளில் மாணவருக்கு ஏற்ற சிகையலங்காரம் என்பதை ரஷீ போட்டுத்தான் எழுதுவது வழக்கம். எது ஏற்றது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி, 2017இல் ஒசாகாவில் ஒரு மாணவி, இயல்பிலேயே பழுப்பு என்று தான் சொன்ன முடியைக் கறுப்பாக்கச் சொன்ன பள்ளியை எதிர்த்து மாகாண அரசின் மீது வழக்குத் தொடுத்த பிறகு நாடு முழுவதும் எழுந்தது. ஏப்ரல் முதல் நாள் வேலையில் சேரும் புதியவர்களிடம் "ஷகாய்ஜின் ரஷிகு", உழைத்து வாழும் பெரியவருக்கு ஏற்றபடி நடக்கச் சொல்வார்கள். அதில் உடை, வணக்கம், நேரம், போனை எடுக்கும் விதம் எல்லாம் அடக்கம். யாரும் பட்டியல் தர மாட்டார்கள். என்னென்ன அடக்கம் என்று நீங்களே கேளுங்கள். வெளிநாட்டவர் கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. மறுபக்கம், "ஜிபுன் ரஷிகு", தன் இயல்புப்படி, என்ற தொடரும் இன்று விளம்பரம் முதல் பாட்டு வரை எங்கும் இருக்கிறது. ஒரே உருபு கட்டிப்போடவும் கட்டவிழ்க்கவும் பயன்படுகிறது.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஜூலைத் தேர்வோ டிசம்பர்த் தேர்வோ, எதற்குத் தயாரானாலும், இந்தப் பாடத்துக்கான பயிற்சியைப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். வீட்டில் அத்தையோ சித்தியோ போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அவளுக்கு வேலை கிடைச்சிருச்சாம். சம்பளம் நல்லா இருக்காம். ஆனா நைட் ஷிஃப்டாம். பாவம், ரொம்ப சோர்ந்து போயிருக்கா போல, குரலே சரியில்ல." நான்கு வாக்கியங்கள்; மூன்று ஆம், ஒரு போல. அவற்றை ஜப்பானிய மொழியில் எழுதுங்கள். "ஷிகொதொ கா மித்ஸுகத்த ஸோ தெஸ். க்யூர்யோ மொ ஈ ஸோ தெஸ். தெமொ, யாகின் தா ஸோ தெஸ்." நைட் ஷிஃப்ட் பெயர்ச்சொல், ஆகவே தா. சம்பளத்துக்கு ஈ ஸோ. இங்கே யொஸஸோ என்று எழுதினால் சித்தி சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததாகிவிடும். கடைசி வாக்கியத்தில் சித்தி தானே குரலைக் கேட்டு முடிவுக்கு வந்திருக்கிறார். அங்கே "த்ஸுகரெதெ இரு யோ தெஸ்". எழுதிய தாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு வாலுக்கும் காரணம் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் ஜப்பானிய மொழி ஆசிரியர்களில் ஒருவர்
சென்னை